மார்ஸேல்ஸ் சீட்டுக்கட்டு

ஐரோப்பாவுக்குக் கப்பலில் சென்ற பழைய தலைமுறை இந்தியப் பிரயாணிகளில் பலருக்கு அந்தக் கண்டத்தின் வாசற்படியாக இருந்தது, பிரான்ஸ் தேசத்துத் தென்கரையிலுள்ள மார்ஸேல்ஸ் துறைமுகம். சூயஸ் கால்வாயைக் கடந்து வரும் கப்பல் அங்கே நங்கூரமிட்டதும், லண்டனுக்கு விரைவாகப் போய்ச் சேர விரும்புவோர் இறங்கி ரயிலேறிவிடுவார்கள். வட்டமேஜை மகாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகளும் 1931-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி அந்தக் கரையில்தான் கால் வைத்தார். வருகிறவர்களை வரவேற்றே பழகிய அந்த ஊர், 1940-ஆம் வருஷத்துக் கோடையில், எப்படியாவது வெளியேறிவிட வேண்டுமென்று துடித்தவர்களின் கூட்டத்தால் மூச்சுத் திணறியது. பாரிஸ் நகரம் ஜெர்மானியர் வசமாகிவிட்டது. ஜூன் 22-ஆம் தேதி கையெழுத்தான யுத்த நிறுத்த ஒப்பந்தத்தின் 19-ஆவது ஷரத்து, ஜெர்மானிய சர்க்கார் கேட்கும் ஜெர்மானியர் எவரையும் பிரெஞ்சு சர்க்கார் பிடித்து ஒப்படைக்கக் கடமைப்பட்டது என்று கூறியது. ஹிட்லரிடமிருந்து தப்பி ஏழு வருஷங்களாகப் பிரான்ஸில் அடைக்கலம் புகுந்திருந்த ஆசிரியர்களும் சித்திரக்காரர்களும் அரசியல்வாதிகளும், அடைக்கலமே கண்ணியாக மாறிவிட்டதைக் கண்டு, தெற்கே ஓடி ஓடி, இனி ஓடுவதற்குக் கடலைத் தவிர வேறு இடமில்லாத மார்ஸேல்ஸுக்கு வந்து சேர்ந்தார்கள்.

சர்ரியலிஸம் என்ற கலை இயக்கத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் சாதாரணமாகப் பாரிஸ் நகரத்துக் காபிக் கடைகளிலே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், அந்த இயக்கத்தின் உண்மையான பரீட்சை நடந்தது மார்ஸேல்ஸின் புறநகரிலிருந்த ஒரு பழைய வீட்டில்; அது உலகமெங்கும் பரவியதற்கு அதன் பிரகடனங்களைவிட அதிகக் காரணமாயிருந்தது, கிடைத்ததும் கிடைக்காததுமான விசாக்கள்.

அந்த வீட்டின் கதைக்கு ஓர் அமெரிக்கரிடமிருந்து தொடங்க வேண்டும். பாரிஸ் வீழ்ந்த சில நாட்களுக்குள் நியூயார்க்கில் கூடிய சிலர், ஆபத்திலிருக்கும் கலைஞர்களையும் அறிஞர்களையும் மீட்பதற்காக ஒரு கமிட்டியை ஏற்படுத்தினார்கள். அதன் பிரதிநிதியாகப் புறப்பட்டவர், ஹார்வர்டில் கிரேக்க லத்தீன் இலக்கியங்களைப் படித்து, பின்பு பத்திரிகைத் தொழிலில் இருந்த வேரியன் ஃபிரை என்ற முப்பத்திரண்டு வயது இளைஞர். சுமார் இருநூறு பெயர்கள் கொண்ட ஒரு ஜாபிதாவும், காலில் ஒட்டி மறைத்த மூவாயிரம் டாலரும்தான் அவருடைய மூலதனம். ஆகஸ்டு மாதத்தில் மார்ஸேல்ஸுக்கு வந்து ஒரு ஹோட்டல் அறையில் தங்கினார். சில தினங்களுக்குள் அந்த அறையின் வாசலிலிருந்து மாடிப்படி வரையில் மனிதர்கள் வரிசையாக நிற்கத் தொடங்கினார்கள். அமெரிக்க விசா ஒன்று, ஸ்பெயினையும் போர்ச்சுக்கலையும் கடந்து செல்ல விசாக்கள் இரண்டு, பிரான்ஸை விட்டு வெளியேற அனுமதி ஒன்று என்று நான்கு காகிதங்களும் ஒரே சமயத்தில் உயிரோடிருக்க வேண்டும். நான்காவது கையில் வருவதற்குள் முதலாவது காலாவதியாகிவிடும். வெளியேறும் அனுமதியோ, தேடப்படுகிறவர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அதைக் கேட்டு மனுச் செய்வதே தன் இருப்பிடத்தைப் போலீஸுக்கு அறிவிப்பதாகும். ஆகவே கள்ளப் பாஸ்போர்ட்டுகளும், பிரனீஸ் மலைத்தொடரின் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே போகும் ஒற்றையடிப் பாதைகளும் ஃபிரையின் காரியாலயத்தில் அன்றாட விவகாரங்களாயின. அந்த மலைப்பாதையில் நடந்து எல்லையைக் கடந்தும், ஸ்பானிய அதிகாரிகள் திருப்பியனுப்பிவிடுவார்களென்று அறிந்து போர்ட்போ கிராமத்தில் செப்டம்பர் மாதத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட வால்ட்டர் பெஞ்சமின், சர்ரியலிஸத்தைப் பற்றி 1929-இலேயே ஆழ்ந்து எழுதிய விமரிசகர் என்பதை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

அக்டோபர் மாதத்தில் ஃபிரையின் சகாக்கள் சிலர், நெரிசலிலிருந்து விலகி வசிக்க ஓர் இடம் தேடி, டிராம் வண்டியில் சுமார் அரைமணி தூரத்திலுள்ள லா போம் என்ற புறநகருக்குப் போனார்கள். அங்கே பெரிய மரங்களுக்கு நடுவே, பதினெட்டு அறைகளோடு, தூரத்தில் கடல் தெரியும்படி நின்றது ஏர்-பெல் மாளிகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கனத்த மரச்சாமான்களும் மங்கிப்போன சுவர்க்காகிதமும் நிறைந்து, குளிர் காய விறகடுப்புகளை மட்டுமே நம்பியிருந்த அந்த வீட்டை அதன் உடையவர் மாதம் 1,300 பிராங்க் வாடகைக்குக் கொடுத்தார். ஸ்டாலினுடைய சிறைகளிலிருந்து தப்பி வந்த ருஷ்யப் புரட்சிக்காரரும் நாவலாசிரியருமான விக்டர் செர்ஜ் தம் குடும்பத்தோடு அங்கே குடிபுகுந்தார். 'விசாவுக்காகக் காத்திருக்கும் மாளிகை' என்ற பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டியவரும் அவரே. அவருக்குப் பின்னாலேயே வந்தவர்கள் ஆந்த்ரே பிரெத்தோனும், அவர் மனைவி சித்திரக்காரி ழாக்லின் லம்பாவும், அவர்களுடைய ஐந்து வயது நிரம்பாத குழந்தை ஓபும்.

பிரெத்தோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் உலக மகாயுத்தத்தில் வைத்திய மாணாக்கராக இருந்த அவர், 1916-இல் சேன்-திஸியே என்ற ஊரில், குண்டுகளின் அதிர்ச்சியால் சித்தம் கலங்கிய சிப்பாய்களைப் பராமரிக்கும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அந்த நோயாளிகளின் பிதற்றலிலே, தாம் படித்த கவிஞர்களின் வாக்கிலும் காணக் கிடைக்காத உருவகங்கள் வெளிப்படுவதைக் கண்டு அவர் திகைத்தார். விழித்திருக்கும் புத்தி காவல் காக்காத வேளையில் மனம் தானாகவே பேசுமென்றால், அந்தப் பேச்சைப் பதிவு செய்வதே கவிதையின் வேலையாகலாமே என்ற எண்ணம் அங்கே உண்டாயிற்று. ஃபிராய்டின் ஆராய்ச்சிகள் அதற்கு உரம் போட்டன. 1919-இல் ஃபிலிப் சூப்போ என்ற சிநேகிதரோடு உட்கார்ந்து, நிறுத்தாமலும் திருத்தாமலும் கையின் வேகத்துக்கு எழுதிப் பார்த்தார். ஸூரிக் நகரத்தில் யுத்த காலத்தில் பிறந்த தாதாயிஸ்டுகளின் கலகத்தில் சிறிது காலம் கலந்துகொண்டு, எதையும் நிர்மூலமாக்குவதோடு நின்றுவிடும் அதன் போக்கில் அலுத்து, 1924-இல் சர்ரியலிஸத்தின் பிரகடனத்தை வெளியிட்டார். கனவும் விழிப்பும் முரண்படாத ஒரு நிலையைத் தேடுவதாகச் சொன்ன அந்த இயக்கத்தில் அவர் மடாதிபதியைப் போல ஆட்சி செய்தார் என்பதும், சிநேகிதர்களை ஒருவர்பின் ஒருவராகப் பிரஷ்டம் செய்தார் என்பதும் அவருடைய விரோதிகள் மட்டுமே சொல்லும் குற்றச்சாட்டுகளல்ல. நம் வாசகர்களில் பலருக்கு சர்ரியலிஸம் என்றதும் நினைவுக்கு வரும், உருகி வழியும் கடிகாரங்களைத் தீட்டிய ஸால்வடோர் டாலியும் அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர்தான். ஏர்-பெல் மாளிகையின் கதையில் அவருக்கு இடமில்லை.

அந்த வருஷத்துக் குளிர்காலம் கொடியது. மிஸ்திரால் என்ற வடகாற்று ஜன்னல்களை உலுக்கியது. ரொட்டியும் மாமிசமும் ரேஷன். பல இரவுகளில் ஒயினைக் கொண்டுதான் வயிற்றைச் சமாதானப்படுத்தினார்கள். ஒரு நாள் ஃபிரை சாப்பிட வந்தபோது, மேஜை நடுவில் பூச்சாடி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு புட்டி நிறைய உயிருள்ள கும்பிடு பூச்சிகளைப் பிரெத்தோன் அலங்காரமாக வைத்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள் ஒளிந்தும் ஒளியாமலும் வாழ்ந்த பழைய சகாக்களெல்லாம் டிராமேறி அங்கே வந்துவிடுவார்கள். ருமேனியாவில் பிறந்த விக்டர் பிரவுனரும் ழாக் எரோல்டும், கானரித் தீவுகளைச் சேர்ந்த ஓஸ்கர் தொமிங்கேஸும், கியூபாவிலிருந்து வந்து ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தில் குடியரசுக்காகப் போராடிய விஃப்ரெடோ லாமும், ஆந்த்ரே மாஸோனும் வருவார்கள். யுத்தம் தொடங்கியதும் ஜெர்மானியர் என்ற காரணத்தால் பிரெஞ்சுக்காரர்களாலேயே எக்ஸ் நகருக்கு அருகிலுள்ள லே மில் என்ற ஓட்டுத் தொழிற்சாலையில் அடைக்கப்பட்டுச் செங்கற்பொடியைச் சுவாசித்த மாக்ஸ் எர்ன்ஸ்டும், சுருட்டிய படங்களோடு வந்து சேர்ந்தார். அவற்றை வீட்டின் வெளிச்சுவரிலும் மரங்களிலும் தொங்கவிட்டு ஒரு கண்காட்சியே நடத்தினார்கள்.

பிறகு விளையாட்டு. ஒருவர் ஒரு காகிதத்தில் தலையை வரைந்து, மடித்து மறைத்து, அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் மார்பை வரைந்து மடித்துக் கொடுப்பார். மூன்றாமவர் கால்களை வரைவார். பிரித்துப் பார்க்கும்போது எவரும் உத்தேசிக்காத ஒரு பிராணி எழுந்து நிற்கும். பாரிஸில் ஷாத்தோ தெருவிலிருந்த ஒரு வீட்டில் 1925-இல் பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்த ஆட்டத்தை, தனி மனிதனுடைய உரிமையல்லாத ஒரு கற்பனை உண்டு என்பதற்குச் சாட்சியாகவே பிரெத்தோன் கருதினார். நாளைக்கு யார் வீட்டுக் கதவு தட்டப்படுமோ என்றிருக்கும் வேளையில் வயது வந்த மனிதர்கள் காகிதம் மடித்துக்கொண்டிருந்தது சிலருக்கு அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் ஆயுதமும் பணமும் பத்திரிகையும் பறிபோன பிறகு அவர்களிடம் மிஞ்சியிருந்தது அந்த மனப்பயிற்சி ஒன்றுதான். அதை விட்டுவிட்டிருந்தால், விண்ணப்பப் படிவங்களை நிரப்புவதைத் தவிர வேறொன்றும் செய்யாத அகதிகளாகவே அவர்கள் ஆகியிருப்பார்கள்.

கதவும் தட்டப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில், தோற்ற பிரான்ஸின் சர்க்காருக்குத் தலைவரான மார்ஷல் பெத்தேன் மார்ஸேல்ஸுக்கு விஜயம் செய்யவிருந்ததை முன்னிட்டுச் சந்தேகத்துக்குரியவர்களைப் போலீஸார் ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போனார்கள். ஏர்-பெல் மாளிகையைச் சோதனையிட்டபோது, மார்ஷலை மூடர் என்று இகழும் வாசகத்தோடு கூடிய ஒரு கிறுக்கல் சித்திரம் அகப்பட்டது. அந்தச் சொல் மார்ஷலின் பெயரே அல்ல, வேறொன்று என்று பிரெத்தோன் வாதாடிப் பார்த்தும் பயனில்லை. ஃபிரை உட்பட எல்லோரையும் துறைமுகத்தில் நின்ற 'ஸினாயா' என்ற கப்பலின் அடித்தளத்தில் சில நாட்கள் அடைத்து வைத்தார்கள். 1939-இல் தோல்வியுற்ற ஸ்பானியக் குடியரசுக்காரர்களை மெக்ஸிகோவுக்கு ஏற்றிச் சென்று கரைசேர்த்த அதே கப்பல்தான் அது. விடுதலையாகி வீடு திரும்பிய பிரெத்தோன் அந்த மாதத்திலேயே 'ஃபாதா மோர்கானா' என்ற நெடுங்கவிதையை முடித்தார். லாம் அதற்குச் சித்திரங்கள் வரைந்தார். பெத்தேனுடைய விஷி சர்க்காரின் தணிக்கை அதிகாரிகள் வெளியீட்டுக்கு அனுமதி மறுத்தார்கள்.

அந்தச் சில மாதங்களில் அவர்கள் உண்டாக்கியவற்றுள் எனக்கு மிகவும் விசேஷமாகப் படுவது சீட்டுக்கட்டுதான். மார்ஸேல்ஸ், சீட்டு அச்சிடும் தொழிலுக்குப் பெயர்போன ஊர். சோதிடம் பார்ப்பதற்குப் பயன்படும் தாரோ சீட்டுகளில் பிரசித்தமான வகை அவ்வூர்ப் பெயராலேயே வழங்குகிறது. சீட்டின் உருவங்களில் காலந்தோறும் ஏற்பட்ட மாறுதல்களுக்கும் யுத்தத் தோல்விகளுக்கும் சம்பந்தமுண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கூறியிருந்ததைப் பிரெத்தோன் மனத்தில் வாங்கிக்கொண்டார். பிரான்ஸ் தோற்றுவிட்டது, ஆகவே புதுச் சீட்டு வேண்டும். இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்ற நான்கு ஜாதிகளையும் நீக்கிவிட்டு, காதலுக்குச் சிவப்புத் தீச்சுடர், கனவுக்குக் கறுப்பு நட்சத்திரம், புரட்சிக்கு இரத்தம் தோய்ந்த சக்கரம், ஞானத்துக்குக் கறுப்புச் சாவித்துவாரம் என்று வகுத்தார்கள். முடியாட்சியின் சின்னங்களான ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய மூவரையும் சிம்மாசனத்திலிருந்து இறக்கி, மேதை, கடற்கன்னி, மந்திரவாதி என்ற மூவரை ஏற்றினார்கள். எட்டுச் சித்திரக்காரர்கள் ஆளுக்கு இரண்டாகப் பதினாறு சீட்டுகள் வரைந்தார்கள்.

காதலின் மேதையாகப் போதலேரை ழாக்லின் லம்பா வரைந்தார். கனவின் மந்திரவாதியாக ஃபிராய்டைத் தொமிங்கேஸ் வரைந்தார். கனவின் கடற்கன்னியாக, முயல் வளைக்குள் விழுந்த ஆங்கிலச் சிறுமி ஆலிஸை லாம் வரைந்தார். புரட்சியின் மந்திரவாதியாக மெக்ஸிகோவின் பாஞ்சோ வில்லாவைத் தீட்டினார் எர்ன்ஸ்ட். ஞானத்தின் மேதை ஹெகல். அவருக்கு ஜோடி ஹெலேன் ஸ்மித். இருவரையும் வரைந்தவர் பிரவுனர். தத்துவ வாத்தியாருக்குப் பக்கத்தில் உட்கார்த்தப்பட்ட இந்த ஹெலேன் ஸ்மித் யாரென்றால், ஜெனீவா நகரத்தில் ஆவேச நிலையில் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய் வந்ததாகவும், முன் ஜன்மத்தில் இந்தியாவில் ஒரு ராஜகுமாரியாக இருந்ததாகவும் கூறி, ஸம்ஸ்கிருதம் போன்ற ஏதோ ஒரு பாஷையைப் பேசி, மொழியியல் நிபுணரான ஸொஸ்யூரையே ஆராய வைத்த ஓர் அம்மையார். நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. அவர்களுக்கோ அவள் புத்தியின் வேலிக்கு வெளியே நடமாடிய ஒரு வீராங்கனை. தளபதிகளும் மார்ஷல்களும் தேசத்தின் சுவர்களிலெல்லாம் ஒட்டப்பட்டிருந்த காலத்தில், வணங்கத்தக்கவர்கள் இவர்களென்று ஒரு பைத்தியக்கார ஜாபிதாவைக் கையில் வைத்து ஆடும்படி செய்தது, அச்சிட முடியாத ஓர் அரசியல் பிரகடனத்துக்குச் சமமென்றே நான் நினைக்கிறேன்.

1941-ஆம் வருஷத்துத் தொடக்கத்தில், மார்த்தினிக் தீவு வழியாகச் செல்லும் கப்பல்களுக்குத் திடீரென்று வெளியேறும் அனுமதிகள் கிடைக்கலாயின. மார்ச் மாதக் கடைசியில் புறப்பட்ட 'கப்பித்தேன் போல்-லெமேர்ல்' என்ற சரக்குக் கப்பலில் சுமார் 350 பேர் அடைந்து கிடந்தார்கள். பிரெத்தோன் குடும்பம், லாம், செர்ஜ், ஜெர்மானிய நாவலாசிரியை அன்னா ஸேகர்ஸ், பின்னாளில் மானிட இயலில் பெரும்புகழ் பெற்ற க்ளோத் லெவி-ஸ்ட்ரோஸ் ஆகியோர் அவர்களில் அடங்குவர். மாக்ஸ் எர்ன்ஸ்ட் வேறு வழியாக ஸ்பெயின் எல்லைக்குப் போனார். அங்கே அவருடைய காகிதங்கள் செல்லாது என்று கண்ட ஓர் உத்தியோகஸ்தர், பெட்டியிலிருந்த படங்களைப் பார்த்து மனம் இளகி, இரண்டு ரயில்களைக் காட்டி, இன்னது ஸ்பெயினுக்குப் போகிறது, இன்னது பிரான்ஸுக்குள் திரும்புகிறது, தவறான வண்டியில் ஏறிவிடாதீர்கள் என்று எச்சரிக்கை செய்துவிட்டு நகர்ந்தாராம். எர்ன்ஸ்டே சொன்ன கதை. சர்ரியலிஸ்டுகள் தங்கள் கதைகளை மெருகேற்றத் தயங்காதவர்கள் என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

மார்த்தினிக்கில் விஷி சர்க்காரின் அதிகாரிகள் பிரயாணிகளைப் பழைய தொழுநோய் விடுதி ஒன்றில் காவலில் வைத்தார்கள். பிறகு ஊருக்குள் போக அனுமதி பெற்ற பிரெத்தோன், மகளுக்கு ரிப்பன் வாங்க ஒரு கடையில் நுழைந்தபோது, அங்கே அப்போதுதான் வெளியாகியிருந்த 'த்ரோப்பிக்' என்ற பத்திரிகையின் முதல் இதழ் கண்ணில் பட்டது. அதன் ஆசிரியர் எமே செஸேர் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர், கறுப்பு இனத்தவர், அவர் மனைவி ஸுஸான் செஸேரும் அதில் எழுதிவந்தார். அவ்விருவரோடும் அறிமுகமாகி, கவிஞருமான செஸேரின் நெடுங்கவிதை ஒன்றைப் படித்த பிரெத்தோன், தம் காலத்தின் மிகப் பெரிய கவிதைகளில் ஒன்றை ஒரு ரிப்பன் கடையின் வழியாகக் கண்டுபிடித்ததாகவே எண்ணினார். கண்டுபிடித்தவர் யார், கண்டுபிடிக்கப்பட்டவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமுண்டு; செஸேர் பிரெத்தோனுக்காகக் காத்திருந்து கவியானவரல்லர். அவர் பிறந்த பாஸ்-பொயேந்த் என்ற கரும்பு பயிராகும் ஊர், நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று: அடிமை முறை ஒழிந்த பின் 1853 முதல் முப்பது வருஷங்களில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்களின் சந்ததியார் அந்தத் தீவின் வடபகுதியில்தான் அதிகம், அவர்கள் எழுப்பிய கோவிலும் அவ்வூரில் உண்டு.

லாம் அங்கிருந்து கியூபாவுக்குப் போனார். இளைஞராகப் புறப்பட்டவர், பதினெட்டு வருஷங்களுக்குப் பிறகு திரும்பினார். சீனத் தந்தைக்கும் ஆப்பிரிக்க வம்சத்துத் தாய்க்கும் பிறந்த அவர், பாரிஸில் பிக்காஸோவின் சிநேகத்திலும் மார்ஸேல்ஸின் விளையாட்டுகளிலும் கற்றதையெல்லாம் கரும்புத் தண்டுகளும் ஆப்பிரிக்க முகமூடிகளும் பின்னிக் கிடக்கும் ஓர் அடர்ந்த காட்டில் கொண்டுபோய்ச் சேர்த்து, 1943-இல் 'லா ஹுங்லா' என்ற பெருஞ்சித்திரத்தைத் தீட்டினார். அதே வருஷம் செஸேரின் நெடுங்கவிதை ஹவானாவில் ஸ்பானிய மொழிபெயர்ப்பாக அவருடைய சித்திரங்களோடு வெளிவந்தது. ஐரோப்பியர் ஆப்பிரிக்கச் சிற்பத்தை வியந்து தங்கள் அறையில் வைத்துக்கொண்ட காலம் போய், அந்தச் சிற்பத்துக்கு உரியவரே ஐரோப்பாவின் உபாயத்தை எடுத்துத் தம் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்ட கட்டம் இது. சர்ரியலிஸத்தின் செல்வாக்கு என்று பேசும்போது நியூயார்க்கையே எல்லோரும் முதலில் சொல்லுகிறார்கள். நான் ஹவானாவையும் மார்த்தினிக்கின் ஃபோர்-த-ஃபிரான்ஸையும் முதலில் வைப்பேன்.

நியூயார்க்கின் கதை தெரிந்ததுதான். 1942 அக்டோபரில் அங்கே நடந்த சர்ரியலிஸ்டுகளின் கண்காட்சியில் மார்ஸேல் துஷாம் படங்களுக்கு முன்னால் கூடமெங்கும் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிட்டார். அதே மாதத்தில் பெகி கக்கன்ஹைம் அம்மையாரின் கலைக்கூடம் திறந்தது. அடுத்த வருஷம் அமெரிக்கச் சித்திரக்காரர் ஜாக்ஸன் பொல்லாக்கின் முதல் தனிக் கண்காட்சி அங்கேயே நடந்தது. உத்தேசமின்றிக் கையை ஓட விடும் முறையைச் சிலி தேசத்துச் சித்திரக்காரர் மாத்தாவிடமிருந்து ராபர்ட் மதர்வெல் முதலிய அமெரிக்கச் சித்திரக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். பிரெத்தோனோ, ஆங்கிலம் கற்க மறுத்து, வானொலியில் பிரெஞ்சு அறிவிப்பாளராக வேலை பார்த்துக்கொண்டு, நியூயார்க்கிலும் பாரிஸையே கற்பனை செய்து வாழ்ந்தார்.

விசா கிடைக்காதவர்களும் இருந்தார்கள். தொமிங்கேஸ் பாரிஸுக்குத் திரும்பினார். யூதரான பிரவுனர் ஆல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் மறைந்து வாழ்ந்து, வர்ணங்கள் கிடைக்காமையால் மெழுகுவர்த்தியை உருக்கிச் சித்திரம் வரையும் புதுமுறையைக் கண்டார்; இன்மையிலிருந்து பிறந்த அந்த முறையே பிற்காலத்தில் அவருக்குத் தனித்தன்மை தந்தது. மார்ஸேல்ஸில் ஸில்வேன் இட்கின் என்ற நாடக நடிகர் சிநேகிதர்களோடு சேர்ந்து, பேரீச்சம்பழமும் பாதாம்பருப்பும் அரைத்து உருட்டும் ஒரு தின்பண்டத் தொழிலைக் கூட்டுறவாக ஏற்படுத்தியிருந்தார். சர்க்கரை அருகிப்போன அந்த நாட்களில் 'க்ரோக்-ஃப்ரூயி' என்ற அந்தப் பண்டம் அமோகமாக விற்றது. எரோல்ட் போன்ற சித்திரக்காரர்களும் வேலையிழந்த நடிகர்களும் அங்கே பண்டம் உருட்டிக் கூலி பெற்றார்கள். பின்னர் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்த இட்கின், 1944-இல் லியோன் நகரத்தில் கெஸ்டாபோவின் கையில் இறந்தார்.

ஃபிரையை 1941-இல் பிரெஞ்சுப் போலீஸார் தேசப்பிரஷ்டம் செய்தார்கள். அவருடைய சொந்த தேசத்துக் காரியாலயங்களும் அவர் போனதில் வருத்தப்படவில்லை. அவருடைய கமிட்டியின் முயற்சியால் தப்பியவர்கள் இரண்டாயிரத்துக்குக் குறையாதவர் என்று கணக்கிடுகிறார்கள். அவர் கடைசிக் காலத்தில் கனெக்டிகட் மாகாணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு லத்தீன் போதித்து, 1967-இல் காலமானார். பிரெஞ்சு சர்க்கார் அவருக்கு விருதளித்தது அதற்குச் சில மாதங்கள் முன்பு. ஏர்-பெல் மாளிகையையும் பின்னர் இடித்துவிட்டார்கள். சீட்டுகளின் உருவங்கள் 1943-இல் நியூயார்க்கில் பிரெத்தோன் நடத்திய பத்திரிகையில் முதன்முறையாக வெளிவந்தன. நாற்பது வருஷம் கழித்து, 1983-இல், க்ரிமோ என்ற பழைய பிரெஞ்சுச் சீட்டுக் கம்பெனி அவற்றை ஆடத்தக்க முழுக்கட்டாக அச்சிட்டது. மூலச் சித்திரங்களைப் பிரெத்தோனின் மகள் ஓபும் அவருடைய மகளும் மார்ஸேல்ஸ் நகரத்துக்கே நன்கொடையாக வழங்கினார்கள். அவை இப்போது அந்நகரத்துக் கந்தீனி மியூஸியத்தில் இருக்கின்றன.